மருந்துக்குக்கூட ஒரு குண்டு

பெண் விடுதலை மற்ற ஊர்களுக்கு எந்த வழியாக வந்ததோ தெரியாது. பூதப்பாண்டிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்த செல்லக்கனியின் கைப்பேசி வழியாக வந்தது. கொடி இல்லை, கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. 'பதிவிறக்கம் முடிந்தது' என்று திரையில் ஒரு வரி தோன்றியது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

செல்லக்கனி அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்பதை அவளைப் போல இதமாகச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. மனு கொடுத்தவர்கள் ஏதோ கிடைத்துவிட்ட மாதிரியே திரும்பிப் போவார்கள். கணவர் வைகுண்டராஜன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து அதே ஆண்டு ஓய்வு பெற்றார். இரண்டு ஓய்வுக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. அவர் ஓய்வு பெற்றார். அவள் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றாள்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் இந்துஜாதான் முதலில் எச்சரித்தாள்.

"அம்மா, ரிட்டயர் ஆனவிய சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சிரும். உனக்குன்னு ஒரு ஹாபி வேணும்."

"எனக்கு சமையல் இருக்கே மக்கா."

"அது ஹாபி இல்லம்மா."

"அப்ப அது என்னது?"

மஸ்கட் அவசரமாகப் பேச்சை மாற்றியது. பிறகு மகள் ஒரு விளையாட்டின் பெயரைச் சொன்னாள். 'இறுதித் தீவு.' வயதானவர்கள் கைப்பேசியில் சண்டை போட்டால் ஞாபகசக்தி கூடும் என்று யாரோ ஒரு டாக்டர் வீடியோவில் சொன்னாராம். எந்த டாக்டர் என்பது மகளுக்கு ஞாபகம் இல்லை.

செல்லக்கனிக்கு 'விளையாட்டு' என்று சொல்ல வாய் கூசியது. பேரன் பேத்தி எடுத்தவள் விளையாடுகிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? எனவே அதற்கு 'மூளைப் பராமரிப்புப் பணி' என்று பெயர் சூட்டினாள். பெயர் வைத்துவிட்டால் எந்த வேலையையும் கூச்சமில்லாமல் செய்யலாம் என்பது அலுவலகம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

பணியின் விதிமுறை எளிது. மும்மூன்று பேராக ஒரு தீவில் இறங்க வேண்டும். ஒருவர் துப்பாக்கி, ஒருவர் ஒற்றர், ஒருவர் மருந்துப்பை. கடைசியில் எந்தக் குழுவில் ஆள் மிஞ்சுகிறதோ அந்தக் குழு வென்றது. பேசிக்கொண்டே விளையாடலாம்.

தீவில் செல்லக்கனி ஓடினாள். மாடிப்படி ஏறினால் முனகுகிற முழங்கால் அங்கே முனகவில்லை. மதில் ஏறிக் குதித்தாள். தண்ணீரில் பாய்ந்தாள். பொம்பளை இப்படி ஓடலாமா என்று கேட்க அந்தத் தீவில் ஒருவரும் இல்லை. அப்பேர்ப்பட்ட சந்தோஷத்தில் முதல் நாள் அவள் இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டாள். விடுதலைக்கு விலை உண்டு.

முதல் நாளே அவளுக்குப் பணி நியமனமும் ஆனது. அன்று அவளோடு இறங்கியவர்கள் முட்டத்துக்காரர் டைட்டஸும், சென்னைக்காரர் ஒருவரும். டைட்டஸ் கப்பல் வேலையிலிருந்து திரும்பி வந்தவர். அன்றைக்குத் துப்பாக்கி அவரிடம். அடிபட்டு விழுந்தவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"வெள்ளம்! வெள்ளம்! வெள்ளம் கொண்டு வாங்க!"

வெள்ளம் என்ற சொல்லுக்குச் சென்னையில் வேறு அர்த்தம், வேறு நினைவுகள். மருந்துப்பையை வைத்திருந்த சென்னைக்காரர் அதை அப்படியே போட்டுவிட்டு மலை உச்சிக்கு ஓடினார். உச்சியில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு விளையாட்டிலிருந்தே வெளியேறினார். டைட்டஸ் கேட்டது குடிக்கத் தண்ணீர் என்று செல்லக்கனிக்கு மட்டும் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடி, தண்ணீரைக் கொடுத்து, மருந்தும் போட்டாள்.

"எக்கா, நீங்க நம்ம ஊரா?" என்று டைட்டஸ் எழுந்து உட்கார்ந்து கேட்டார். "அப்ப இனிமே பை உங்க கையிலயே இருக்கட்டும்."

அது 'தற்காலிக நியமனம்' என்றுதான் அவள் நினைத்தாள். தற்காலிக நியமனங்கள் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

வடசேரியில் தையற்கடை வைத்திருந்த ரெஜிஷா ஒற்றராக வந்து சேர்ந்ததும் 'நாஞ்சில் முதுநிலைப் படையணி' முறைப்படி உருவானது. தினமும் மத்தியானம் மூவரும் இறங்கினார்கள். டைட்டஸ் சுட்டார். ரெஜிஷா வேவு பார்த்தாள். செல்லக்கனி பின்னால் ஓடினாள்.

"எக்கா, மருந்து!"

"இன்னா வாறேன்."

"எக்கா, இங்கயும்!"

"இன்னா வந்துட்டேன் பிள்ள."

ஒருநாள் குண்டு அவள்மேலேயே பாய்ந்தது. "ஐயோ, நான் செத்துட்டேன்!" என்று அடுக்களையிலிருந்து அலறினாள்.

"சாயா போட்டாச்சா?" என்று முன்கூடமான பட்டாசாலையிலிருந்து வைகுண்டராஜன் கேட்டார்.

செத்துக் கிடந்த நேரத்தில் சாயா போட்டாள். அடுப்பின் முன் நின்றபோதுதான் அந்த எண்ணம் முதலில் வந்தது. இந்தத் தீவிலும் நான் பரிமாறிக்கொண்டுதானே இருக்கிறேன்? சர்க்கரைக்குப் பதில் கட்டுத்துணி, அவ்வளவுதானே? எண்ணம் வந்ததும் அதைச் சாயாவோடு சேர்த்து ஆற்றினாள். ஆனால் அது ஆறவில்லை. ஒரே ஒரு தடவை சுட வேண்டும். யாரையாவது. பெரிய பகை எதுவும் இல்லை. குண்டு வெளியே போகும்போது கை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

அந்தச் சமயத்தில் கைப்பேசிக் கடை ஒன்று ஓணத்தை முன்னிட்டு மூத்தோருக்கான மாவட்டப் போட்டியை அறிவித்தது. படையணியின் அவசர நிர்வாகக் குழு கைப்பேசியிலேயே கூடியது. செல்லக்கனி தன் கோரிக்கையை முன்வைத்தாள்.

"போட்டியில எனக்கு ஒரு தடவ துப்பாக்கி வேணும்."

"எக்காவுக்கு சுடத் தெரியுமா?" என்றார் டைட்டஸ்.

"ஆப்பம் சுட்டிருக்கேன். கருவாடு சுட்டிருக்கேன். கல்யாணம் ஆன நாளுலேருந்து தோச சுடுதேன். இது மட்டும் வராதா தம்பி?"

"அதுக்கில்லக்கா. உங்க கை ராசியான கை. நீங்க மருந்து போட்டா உடனே எழும்பிருதேன். எனக்க கெட்டியவ போட்டாக்கூட இப்படி எழும்ப மாட்டேன்."

"துப்பாக்கியிலயும் மருந்துதானே இருக்கு? நான் அதையே வேற பக்கமாப் போடுதேன்."

ரெஜிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு வாக்கை டைட்டஸுக்குப் போட்டாள். "கோவிச்சிராதீங்கக்கா. நீங்க பொறத்த நிக்கீங்கன்னாத்தான் எனக்கு முன்னால போகத் தைரியம் வருது."

தீர்மானம் நிறைவேறியது. செல்லக்கனியின் 'தன்னலமற்ற சேவையை' நிர்வாகக் குழு பாராட்டியது. அவளுக்குப் 'படையணியின் அன்னை' என்ற பட்டம் வழங்கப்பட்டது. அலுவலகத்தில் பிரிவுபசார விழாவிலும் இதையேதான் சொன்னார்கள். அங்கே பட்டத்தோடு ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். துப்பாக்கியைப் பொறுத்தவரை, கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுதினாள்.

படையணி இறுதிச்சுற்றுக்கு வந்தது. எதிரில் குழித்துறைக் குழு. அதன் தலைவர் ஜஸ்டஸ், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். சண்டை கடுமையாக நடந்தது. ஜஸ்டஸின் கூட்டாளிகள் இருவரும் ஒழிந்தார்கள். ரெஜிஷா விழுந்தாள். கடைசியில் டைட்டஸும் ஜஸ்டஸும் ஒருவரை ஒருவர் சுட்டு, ஒரே நேரத்தில் சாய்ந்தார்கள். டைட்டஸுக்கு மருந்து போட உயிர் மிச்சமில்லை. டைட்டஸின் துப்பாக்கி உருண்டு வந்து செல்லக்கனியின் காலடியில் நின்றது.

எடுத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

"சுடுங்கக்கா!" என்றாள் ரெஜிஷா, செத்த நிலையிலிருந்து. "அவருக்கு இன்னும் உசிரு இருக்கு! ஒரே குண்டு!"

செல்லக்கனி கிட்டே போனாள். ஜஸ்டஸ் மணலில் குப்புறக் கிடந்தார். பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி திறந்திருந்தது போலும்.

"அம்மா..." என்று முனகினார். தோல்வி தந்த எரிச்சலில் அவர் வீட்டு நாற்காலியில் இருந்து முனகியதுதான் அது.

இந்த விளையாட்டில் மருந்து யார் பக்கம் என்று பார்க்காது. யாருக்குப் போட்டாலும் பலிக்கும். ஆனால் எதிரிக்குப் போட்டுப் பார்க்க அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. செல்லக்கனிக்கும் தோன்றவில்லை. கை அவளைக் கேட்கவே இல்லை. துப்பாக்கி கீழே கிடந்தது, பை திறந்திருந்தது, ஜஸ்டஸுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது.

ஜஸ்டஸ் எழுந்தார். துப்பாக்கியை எடுத்தார். பண்பானவர்.

"ரொம்ப நன்றிக்கா. மன்னிச்சிரணும்," என்று சொல்லிவிட்டுச் சுட்டார்.

"எக்கா, அவன் எதிரியாக்கும்!" டைட்டஸ் கத்தினார்.

"கெடந்து முனங்கினானே தம்பி."

"அதுக்கு?"

அதற்கான பதிலை அவள் பிறகு, பாத்திரம் கழுவும்போது தேடிப் பார்த்தாள். அம்மா என்ற ஒலி கேட்டதும் உள்ளே ஏதோ ஒன்று இனித்தது நிஜம். யாருக்கோ தான் வேண்டியிருக்கிறோம் என்ற இனிப்பு. அந்த இனிப்புதான் அவளை இத்தனை காலம் ஓட்டியது என்று நினைத்தபோது வாய் கசந்தது. கசப்பையும் கழுவிக் கவிழ்த்தாள்.

தோல்விக்குத் தார்மீகப் பொறுப்பேற்று டைட்டஸ் பதவி விலகினார். அதாவது, அவளோடு இனி விளையாட முடியாது என்பதை மரியாதையாகச் சொன்னார். துப்பாக்கிப் பதவி காலியானது. பணிமூப்பு அடிப்படையில் அடுத்தவள் செல்லக்கனி. ரெஜிஷாவும் மறுப்புச் சொல்லவில்லை. நியமன ஆணையைச் செல்லக்கனியே எழுதி, செல்லக்கனியே பெற்றுக்கொண்டாள்.

விளையாட்டில் பயிற்சிக்கென்று இருந்த ஆள் இல்லாத தீவில் தனியாக இறங்கிப் பழகினாள். முதல் குண்டு தென்னைமரத்தில் பட்டு ஒரு இளநீர் விழுந்தது. அடுக்களையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இன்னொன்று சுட்டாள். ஒரு தோப்பையே காலி செய்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வைகுண்டராஜன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் அடுக்களைக்கு வந்ததே ஒரு செய்தி.

"என்னட்டி, தனியா நின்னு சிரிக்க?"

"விளையாடுதேன்." முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"மூணு பேரு வேணும்னு சொன்னியே. ஆளு கெடச்சாச்சா?"

"இல்ல. தேடிட்டு இருக்கோம்."

"அப்ப நான் வாறேன். எனக்கும் மூளைக்கு நல்லதுதானே?"

செல்லக்கனிக்கு நெஞ்சு நிறைந்தது. கணவனும் மனைவியும் தோளோடு தோள் நின்று போரிடும் காட்சி கண்முன் விரிந்தது. தானே பதிவிறக்கிக் கொடுத்தாள், தானே பெயர் பதிந்தாள். அவர் பட்டாசாலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அவள் அடுக்களையில் நின்றாள். ரெஜிஷா வடசேரியிலிருந்து வந்தாள். எந்தப் பொறுப்பு வேண்டும் என்று திரை கேட்டது. வைகுண்டராஜன் யாரையும் கேட்காமல் துப்பாக்கியைத் தொட்டார்.

"அது எனக்க..." என்று ஆரம்பித்தாள் செல்லக்கனி.

"நீ பைய எடுத்துக்கோ. நீதான் நல்லா ஓடுவ."

"அண்ணாச்சி வந்தது நல்லதாப் போச்சு," என்றாள் ரெஜிஷா, உண்மையான நிம்மதியோடு.

நியமன ஆணையை ரத்து செய்ய ஆணை எதுவும் தேவைப்படவில்லை. பை அவள் தோளில் ஏறியது.

வைகுண்டராஜன் தீவில் இறங்கினார். எதிரி எந்தப் பக்கம் என்று பார்க்கும் முன்பே சாய்ந்தார்.

"ஏட்டி, செல்லக்கனி! செத்தேன்! மருந்து! வேகம் வா!"

அந்தக் குரல் கைப்பேசியிலிருந்து ஒரு காதிலும், பட்டாசாலையிலிருந்து மறு காதிலுமாகக் கேட்டது. செல்லக்கனி கைப்பேசியை அம்மி மேல் போட்டாள். அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்தாள். ஒரு சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பட்டாசாலைக்கு ஓடி, நாற்காலியின் முன் மூச்சு வாங்க நின்றாள்.

வைகுண்டராஜன் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

"இங்க இல்லட்டி... அங்க! அங்க!"

செல்லக்கனி தைலமும் சொம்புமாக அடுக்களைக்குத் திரும்பி ஓடினாள். அவளை யாரும் துரத்தவில்லை. துரத்த வேண்டிய தேவை யாருக்கும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.