காபித் தோட்டத்துக்கு சென்ட் அடித்துக்கொண்டு போன மாப்பிள்ளை

குவைத்திலிருந்து லீவில் வந்தவனைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். நானும் அந்த ரகம்தான். குளித்தால் சென்ட், கடைக்குப் போனால் சென்ட், தூங்கப் போகும்போதும் கொஞ்சம் சென்ட். (யாருக்காக என்று கேட்காதீர்கள், அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.)

லீவு முடியப் போகிறது. மனைவி செல்வியோ "ம்", "சரிங்க" தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படியே விமானம் ஏறினால் போனில் என்னத்தைப் பேசுவது? கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில் அவளுடைய பெரியப்பா, வெள்ளிமலை தாண்டி இருக்கும் தன் காபித் தோட்டத்துக்கு எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார். இதை விட்டால் வேறு வழியில்லை என்று, ஜீப் ஏறுமுன் பாட்டிலில் பாதியைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டேன்.

கோடை மழை பெய்த கையோடு தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. கிளை தெரியாத வெள்ளை. போதாததற்குப் பெரியப்பா பெட்டி வைத்துத் தேனீ வேறு வளர்த்தார்.

"இன்னா மாப்ள, பூவைவிட ஒங்க வாசனை ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, குவைத் கடைகளில் குடித்த விதவிதமான காபிகளைப் பற்றிச் செல்விக்கு விளக்க ஆரம்பித்தேன். முதல் கொட்டு காதில். அடுத்தது உதட்டில். விளக்கம் அதோடு நின்றது.

"ஓடாதீங்க மாப்ள, அப்டியே குந்துங்க" என்று பெரியப்பா கத்தினார். நான் குந்துவதாக இல்லை. பட்டு வேட்டியைக் காபிச் செடிக்குக் கொடுத்துவிட்டு ஓடி, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியில் போய் விழுந்தேன். (உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்ததால் மானம் பிழைத்தது.) பெரியப்பா பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போட்டு என்னை மீட்டார்.

சுண்ணாம்பு தடவ வந்த செல்வி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணைக் காணோம், உதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வர வர சிரித்தாள்.

"மொத நாள்லேர்ந்து எனுக்கு ஒரே தலைவலிங்க. வாயத் தொறந்தா ஒங்க சென்ட்டு தொண்டை வரிக்கும் எறங்குது. மூச்ச புடிச்சிக்கினு எப்டிப் பேசறது?"

கழுநீர் நாற்றத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் நகரவே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்றுவரை ஓயவில்லை, குவைத்தில் என் போன் பில்லைக் கேட்டால் சொல்லும்.

யாராவது ஊரிலிருந்து குவைத்துக்கு வந்தால் தோட்டத்துக் காபித்தூளோடு ஒரு பாட்டில் தேனும் வரும். பின்னாலேயே பெரியப்பாவின் போன் வரும்.

"சாப்புடுங்க மாப்ள. அதுல ஒங்க பங்கும் இருக்குது."