சதுக்கத்துக்குள் கார் வராது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சமாதானமாக இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் சௌக்கியம்தானே?

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குக் கீழே சதுக்கத்தைப் புதுப்பித்து நீரூற்று வைத்திருக்கிறார்கள், தரையோடு தரையாக, தொட்டியே கிடையாது, கல் இடுக்கிலிருந்து தண்ணீர் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, உன் கார் வழக்கமாக நிற்கிற இடத்தில், பழக்க தோஷத்தில் போய் நின்றேன். கிளம்பிவிட்டது. இஸ்திரி போட்ட பேண்ட்டோடு நனைந்த கோழி மாதிரி நின்றேன், நாலு பிள்ளைகள் கைதட்டின.

கார் நுழையாமலிருக்க நாலு முனையிலும் இரும்புத் தூண் நட்டாயிற்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் காது இப்போது சும்மா கிடக்கிறது. கீழே சலூன்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்களைக் கூப்பிடாத குடியிருப்போர் கூட்டத்தில் ஒரே ஒரு கை கூடுதலாக உயர்ந்ததில்தான் இந்தக் கார்த் தடை நிறைவேறியதாம். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் கைன்னு மட்டும் தெரியட்டும் சார்" என்றார். நானும், அவன் உருப்படுவானா என்று ஒத்து ஊதிவிட்டு, இன்றைக்கு ஷேவிங் வேண்டாம், முடி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் இரண்டு ஹாரன் அடிப்பாய், இறங்கி வருவேன், எஞ்சினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கி மாத்திரைப் பையை நீட்டுவாய், "இங்க நிறுத்தக் கூடாதுப்பா, கிளம்பறேன்" என்பாய். பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். மொத்தம் நாலு நிமிஷம். ஏழு வாரமாக மாத்திரை கூரியரில் வருகிறது. கூரியர்காரர் மாடி ஏறி வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார், நல்ல மனுஷன்.

அவ்வளவு தூரத்தில் காரை விட்டுவிட்டு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா என்று போனில் கேட்டாய். நியாயம்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து நம் படிக்கட்டு வரை என் நடையில் அறுநூற்றுப் பன்னிரண்டு அடி, நடுவில் மூன்று பெஞ்சு. எதற்கும் இருக்கட்டுமே என்று எண்ணி வைத்தேன். நீ சிரமப்பட்டு வர வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சளி பிடிக்காமல், சண்டை போடாமல் மூவரும் நெடுங்காலம் நன்றாயிருங்கள். பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இன்னும் முழுசாகக் காயாத உன் அப்பா

பி.கு.: சலூன்காரருக்குத் தெரிய வேண்டாம், அந்தக் கை என்னுடையது. "பஸ் ஓட்டினவரு நீங்களே கார் வேணாங்கறீங்களே, ஏன் சார்?" என்று கூட்டத்துக்கு வந்திருந்த நகராட்சி அதிகாரி கேட்டார். புகை, இருமல் என்று எதையோ உளறினேன். அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்: வாசலில் நிறுத்த முடியாவிட்டால், வேறெங்காவது நிறுத்திவிட்டு, மாடி ஏறி வந்து, கொஞ்ச நேரம் உட்காருவாய் என்று நினைத்தேன்.