நாலாவது கால்

கட்டிட வரைபடம் போடும் அந்த மனிதர் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீடு மாறுகிறான். ஒத்தாசைக்குத் தாம் போவதில்லை. தலை போனாலும் போவதில்லை.

காரணம் இருந்தது. மச்சினன் வக்கீல். அவனிடம் கேஸ்கள் குறைவு, புத்தகங்கள் அதிகம். அதில் ஏதாவது ஒன்று ஒருவன் தலையில் விழுந்தால் வாய்தாவே கிடையாது, நேரே தீர்ப்புதான். புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை.

மனைவியிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கல்யாணமான புதிதில் இருந்தது. இரண்டே வாரத்தில் விட்டுப்போயிற்று. ஆகவே மூளையைப் பயன்படுத்தினார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், லேப்டாப்தான் ஆபீஸ். அதைக் குப்புறப் போட்டு, அடியிலிருந்த நாலு ரப்பர் கால்களில் ஒன்றைக் காய் நறுக்கும் கத்தியால் நெம்பினார். வரவில்லை. மறுபடி நெம்பினார். மூன்றாவது நெம்பலில் பெயர்ந்து வந்தது. ஜன்னல் வழியாக வீசி எறிந்தார். தடயம் ஒழிந்தது.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். அங்கே பல் செட் செய்வதும் அவள்தான். சாயங்காலம் அவள் வந்ததும் லேப்டாப்பை மேஜைமேல் வைத்து ஓர் எழுத்தைத் தட்டிக் காட்டினார். டொக் என்றது. இன்னொன்று தட்டினார். டொக். கால் தானாகக் கழன்று எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார். இந்த ஆட்டத்தில் வரைபடம் கோணிப்போனால் கட்டப்போகும் கட்டிடமும் கோணிவிடும் என்றார். புதுக் கால் ஒட்டினால் பசை காயப் பன்னிரண்டு மணி நேரமாகும். ஞாயிறு பூரா பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பசைக்குத் துணையா?" என்று கேட்டாள் மனைவி.

"தூசி விழாம பாத்துக்கணும்ல."

அவள் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். பாவம்தான் என்றாள். தம்பியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைகூட. கைவசம் வைத்திருந்த இரண்டு பொய்கள் வீணாகிப்போயின.

ஞாயிறு காலை. காபியும் கையுமாக உட்கார்ந்து, படம் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்து ஓர் எழுத்தைத் தட்டினார். டொக் கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். லேப்டாப் மலைபோல நின்றது. அவசரமாகத் திருப்பினார். மூன்று கால் கறுப்பு. நாலாவது கால் இளஞ்சிவப்பு, அசல் ஈறு நிறம். லேப்டாப் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

மனைவி புறப்பட்டுத் தயாராக வாசலில் நின்றாள்.

"நேத்து நீங்க முடி வெட்டிக்கப் போனப்ப ஒட்டிட்டேங்க. பல் செட்டுக்கு அடியில வைக்கிற ரப்பர். அரை மணியில காஞ்சிடுச்சு. துணைக்கு யாரும் உக்காரல."

உனக்கு எதுக்கு வீண் சிரமம் என்று அவர் முனகினார்.

"சிரமம் என்ன. தானா விழுந்த பல் எது, பிடுங்கின பல் எதுன்னு பதினாறு வருஷமா பாக்கறேன். தானா விழுந்திருந்தா சுத்தி மூணு கத்திக் கீறல் இருக்காது."

அவர் வாயைத் திறந்தார். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள் எதிரில் வாயைத் திறந்து வைத்திருப்பது நல்லதல்ல என்று பட்டது. மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

சிவில் பெட்டிகள் முதுகை வளைத்தன. கிரிமினல் பெட்டிகள் ஒடித்தன. மச்சினன் வெறுங்கையோடு கூடவே ஏறி, எந்தப் பெட்டியில் எந்தச் சட்டம் என்று படிக்குப் படி விளக்கிக்கொண்டு வந்தான். மூன்று மணிக்குக் கடைசிப் பெட்டி வந்து சேர்ந்தது. அவர் ஒரு நாற்காலியைப் பார்த்து, அதை நம்பி உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. வேறொன்றில் உட்கார்ந்தார், அது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வண்டியில் ஏற்றி இறக்கியதில் எல்லாவற்றின் கால் ரப்பரும் பிய்ந்துவிட்டதாக மச்சினன் வருத்தப்பட்டான். ஆள் யாரையாவது கூப்பிட வேண்டும் என்றான்.

"ஆள் எதுக்குத் தம்பி?" என்றாள் மனைவி, கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தபடி. "ரப்பர் கால் ஒட்டறதுக்குன்னே உங்க அத்தான் இன்னிக்கு முழு நாளையும் ஒதுக்கி வெச்சிருந்தார். இன்னும் பாதி நாள் மிச்சமிருக்கு."

மச்சினன் நெகிழ்ந்துபோய் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அத்தான் தரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ஆறு நாற்காலி, இரண்டு மேஜை, ஒரு கட்டில். மொத்தம் முப்பத்தாறு கால். நாலு மாடி ஏறி இறங்கி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கால்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.