ஐஸ் ஹொக்கிக்கு வைத்த தேசிக்காய்

ஐஸ் ஹொக்கியில் ஒரு தடுப்பாட்டக்காரனின் பெயரை அறியாமலே சனம் வீட்டுக்குப் போனால், அவன் அன்று நன்றாக விளையாடியிருக்கிறான் என்று பொருள். பிழைவிட்டால்தான் பெயர் வெளியே வரும். முழங்கால் விட்டுப்போகும்வரை சுவிஸில் ஒரு இரண்டாம் பிரிவுக் கழகத்தில் சம்பளத்துக்கு விளையாடியவன் நான். என் பெயரை அந்த அரங்கம் முதல் நாளே அறிந்துகொண்டது. அதுவும் ஆட்டம் தொடங்க முதலே.

அன்று எனக்குப் பரீட்சை ஆட்டம். சரிவந்தால் ஒப்பந்தம். சரிவராவிட்டால் திங்கட்கிழமை தொடக்கம் டீட்டிகோனில் அப்பா வேலைசெய்யும் பொதிக் கிடங்கு. அப்பா அங்கே மேலாளராக இருந்த தன் ஷெஃப்பிடம் முன்கூட்டியே கதைத்தும் வைத்திருந்தார். (மகனில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கட்டும் என்கிற மனுசன்.)

அப்பாவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வாகனம் வாங்கினாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் ஓடவிடுவார். பழைய காருக்கு வைத்தார், என் சைக்கிளுக்கு வைத்தார், தங்கச்சியின் தள்ளுவண்டிக்கும் வைத்தார். அன்று நான் புதுச் சறுக்குச் சப்பாத்து போட்டிருந்தேன்.

உடைமாற்றும் அறையிலிருந்து ஐஸுக்குப் போகும் வழியில், பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வெளியே ஓட வேண்டும். நான் கடைசி ஆள். வாசலில் நின்றவருக்கு என்ன சொல்லி உள்ளே வந்தாரோ தெரியாது, அப்பா எனக்கு முன்னால் குந்தி இரண்டு தேசிக்காய்களை வைத்தார்.

“அப்பா, இது வாகனம் இல்லை.”

“ஓடுறதுதானே? மிதி.”

நின்று வாதாடினால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில் மிதித்தேன். சில்லு நசிக்கும், சறுக்குச் சப்பாத்தின் இரும்பு வெட்டும். இதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. வலது காய் இரண்டாகப் பிளந்து விழுந்தது. இடது காய் பாதி வெட்டுப்பட்டு இரும்பிலேயே குத்தி நின்றுகொண்டது. கால் ஒரு மாதிரி இருந்தது. பதற்றமாக்கும் என்று நினைத்தேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐஸில் இடது காலை வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காலுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குப்புறப் படுத்தபடி, வரிசையாக நின்ற என் அணியை நோக்கிப் போனேன். எல்லோரும் விலகினார்கள், கோல் காக்கும் எங்கள் கோலி மார்கோவைத் தவிர. மெத்தையைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் எங்கே விலகுவது? கோலியைக் காப்பாற்றத்தான் தடுப்பாட்டக்காரனுக்குச் சம்பளம். நடுவர் விசில் ஊத முதலே நான் அவரைச் சாய்த்துவிட்டேன். கணுக்கால் சுளுக்கி, இரண்டு பேரின் தோளில் தொங்கியபடி வெளியே போனார்.

நடுவர் அந்தத் தேசிக்காயைப் பொறுக்கி, மணந்து பார்த்து, எங்கள் ட்ரெய்னரிடம் கொடுத்தார். ட்ரெய்னர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைக் காட்டினேன். விபத்து நடக்காமல் இருக்கத்தான் இப்படி வைப்பது என்று அப்பா தன் கிடங்கு ஜெர்மனில் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பிறகு எழுந்து நிற்கவே எனக்கு முகமில்லை. எதிரணி பக்கை, அந்தக் கல்லுப்போன்ற ரப்பர் வட்டை, அடிக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்தேன். நெஞ்சில் வாங்கினேன், தொடையில் வாங்கினேன், வீட்டில் சொல்ல முடியாத இடத்திலும் வாங்கினேன். மார்கோவுக்குப் பதிலாக நின்ற கோலிக்கு அன்று பெரிய வேலையில்லை. அப்படியும் தோற்றோம்.

முடிவில் ட்ரெய்னர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு விழத் தெரிகிறது, இனிமேல் பக்குக்கு முன்னால் மட்டும் விழு என்றார். கையெழுத்துப் போட அடுத்த நாள் வரச் சொன்னார். திங்கட்கிழமை அப்பா தன் ஷெஃப்பிடம் போய், மகன் வரமாட்டான், தேசிக்காய் வேலை செய்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

சில வருடங்கள் கழித்து என் கலியாணத்துக்கு மார்கோ மனைவியோடு வந்தார். அவரைக் கண்டதும் மணவறையில் இருந்த நான் மரியாதைக்கு எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அப்பா என் தோளை அழுத்தினார்.

“நீ இரு தம்பி. அந்தாள் நடந்து வரட்டும்.”

ஐயரின் மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. கதை தெரிந்த ஐயரே மந்திரத்தை நிறுத்திச் சிரித்தார். இன்றைக்கும் வீட்டு மணி அடித்து நான் கதவைத் திறக்க எழும்பினால், மனைவி குசினியிலிருந்து அதையேதான் சொல்கிறாள்.