முட்டுக்காட்டில் ஓர் ஒத்திகை

கல்யாணமான புதிதில் ஒரு பெண் புடவை கேட்கலாம். சினிமா கேட்கலாம். கொஞ்சம் தைரியம் இருந்தால் தனிக்குடித்தனம்கூடக் கேட்கலாம். படகு கேட்கக் கூடாது. நான் கேட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், அபிராமபுரத்தில், மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். அதற்காக நான் இன்று வருத்தப்படுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்களுக்குத் தேனிலவு என்று ஒன்று நடக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் குலதெய்வம் கோவில், திருப்பதி, என் கணவர் ரகுவின் அத்தை வீடு என்று போனோம். எல்லா இடத்துக்கும் மாமனார் மாமியார் கூடவே வந்தார்கள். (அத்தை வீட்டில் எனக்குப் படுக்க இடம் கிடைத்தது அத்தைக்கும் மாமியாருக்கும் நடுவில்.)

அப்போது நான் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜை சோசம்மாவுக்கு ஆலப்புழையில் ஒரு சித்தப்பா. நெல் ஏற்றிக்கொண்டிருந்த தன் வள்ளத்தில் அவர் ஓர் அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களை ஏற்ற ஆரம்பித்திருந்தார். மூன்று நாள் கால்வாய் வழியாகவே போகலாம், சமையல் படகிலேயே, ராத்திரி ஒரு தென்னைமரத்தில் கட்டிவிட்டுத் தூங்கலாம் என்றாள் சோசம்மா. கடைசியில், "ரெண்டு பேருக்குத்தான் எடம்" என்றாள். அந்த ஒரு வரியில் விழுந்தேன்.

ஆதம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த பெரிய நீர்நிலை எங்கள் வீட்டு சம்ப்தான். ஆனாலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேரளத்துக் கால்வாய்களை எல்லாம் நீல ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தேன். எந்த வளைவில் காபி, எந்தப் பாலத்தடியில் போட்டோ என்று குறித்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டு, படகில் மீன் சமைக்கக் கூடாது என்று தமிழில் கத்தினேன். அவர் மலையாளத்தில், "நல்ல மீன் கிட்டும்" என்று சந்தோஷமாகப் பதிலுக்குக் கத்தினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமனார் சாதத்தைப் பிசைந்தபடி, "ஐப்பசி பொறக்கட்டும், மைதிலி. நம்ம தெருவுலயே படகு விடலாம்" என்றார்.

மாமியார் சிரிக்கவில்லை. "ரகுவுக்கு ஜலத்துல கண்டம். ஜாதகத்துலயே இருக்கு. பீச்சுக்குப் போனாக்கூட அவன் சட்டையைப் பிடிச்சுண்டுதான் நிப்பேன்."

ரகு என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? அம்மா சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி என்றார்.

எனக்கு வந்தது ரோஷம். "ஞாயித்துக்கிழமை முட்டுக்காடு போலாம். எல்லாரும் வாங்கோ. படகுல இவருக்கு ஒண்ணும் ஆகலேன்னா நாங்க கேரளா போறோம்."

"ஆச்சுன்னா?" என்றார் மாமனார்.

"ஆயுசுக்கும் படகுங்கற வார்த்தையைச் சொல்ல மாட்டேன்."

முட்டுக்காடு படகுத்துறையில் மோட்டார் படகுக்கு நீண்ட வரிசை. காலால் மிதிக்கிற படகு உடனே கிடைத்தது. யாராவது ஒருத்தர் உயிரோடு இருக்க வேண்டும் என்று மாமனார் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். முன் இருக்கையில் நானும் ரகுவும். பின்னால் ஒரு கையில் புளியோதரைப் பையும், மறு கையில் ரகுவின் சட்டை நுனியுமாக மாமியார். வெற்றி விழாவுக்குப் போவதுபோல நான் கடுகு நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன்.

படகைத் தள்ளிவிட்ட ஆள், "பாலத்தாண்ட போவாதம்மா, மண்ணு மேடு கீது" என்றார்.

"எங்களுக்குத் தெரியும்" என்றேன். (ஒன்றும் தெரியாது.)

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ரகு வாந்தி எடுக்கவில்லை. ஒரு தடவை சிரித்தார்கூட. அப்போதே திரும்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில், "இன்னும் கொஞ்சம் தூரம்" என்று பாலத்தைப் பார்த்து மிதித்தேன். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்கச் சேறுதான் கலங்கியது. மாமியார் விஷ்ணு சகஸ்ரநாமம் ஆரம்பித்தார்.

படகுக்காரர் கரையிலிருந்து கத்தினார்: "மோட்டாருக்கு டீசல் வாங்க ஆளு போய்க்கினு கீறான். எறங்கித் தள்ளு. முட்டிக்காலு தண்ணிதான்."

ரகு எழுந்தார். மாமியார் சகஸ்ரநாமத்தை நிறுத்தி, "நீ எறங்கப்படாது" என்றார்.

நான் இறங்கினேன். வலது கால் செருப்பைச் சேறு உடனே வாங்கி வைத்துக்கொண்டது. பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் படகைத் தள்ளினேன். இன்னொரு மிதிபடகில் போன ஒரு புது ஜோடி எங்களைப் போட்டோ எடுத்தது. "இடது பக்கமா தள்ளு, மைதிலி" என்று மேலிருந்து மாமியாரின் உத்தரவு வந்தது. ரகு பதற்றத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஆழத்துக்கு வந்ததும் படகு மிதந்தது. நான் ஏறப் பார்த்தேன். படகு சாய்ந்து, ரகு தன் கண்டத்துக்கு மிக அருகில் போய்வந்தார். வேறு வழியின்றிப் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினேன். மாமியார் என் இடத்துக்கு நகர்ந்து, மடிசாரை ஒதுக்கிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார். நன்றாகவே மிதித்தார். கரை வரைக்கும் நிறுத்தவில்லை.

கரையில் மாமனார் காத்திருந்தார். "அப்போ கேரளா இல்லை."

இடுப்பளவு சேறு, ஒற்றைச் செருப்பு. புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னேன். "ஏன் இல்லை? இவருக்கு என்ன ஆச்சு? ஆனதெல்லாம் எனக்குத்தான். என் ஜாதகத்தை யாரும் பார்க்கலையே."

மாமனார் ரகுவைப் பார்த்தார். கடைசியில் ரகு, "எனக்குத் தலை சுத்தறது, மைதிலி. நான் வரலை" என்றார்.

வந்த அழுகையை அந்தக் கூட்டத்துக்குக் காட்டுவதாக இல்லை. "சரி. நான் மட்டும் போறேன்."

மாமியார் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் படகுல ரெண்டு பேருக்கு எடம்னு சொன்னியோன்னோ?"

"ஆமாம்மா."

"எனக்கு ஜலத்துல கண்டம் கிண்டமெல்லாம் கிடையாது."

போனோம். மூன்று நாளும் அவர் படகின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சித்தப்பாவுக்கு இடது வலது சொல்லிக்கொண்டு வந்தார். தமிழ் புரியாத சித்தப்பா, ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டுத் தன் வழியிலேயே போனார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்து, மணமக்கள் எங்கே போகிறார்கள் என்ற பேச்சு வந்தால் போதும். பந்தியில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "மைதிலியைக் கேளுங்கோ. மாமியாரோட ஹனிமூன் போனவ." இலை இலையாகச் சிரிப்பு போகும். ரகுவும் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆலப்புழை எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.