வீட்டுல மயக்கம்

பொய் சொல்லாமலே ஒரு விஷயத்தை மறைக்கத் தெரிந்தவன் என்ற கர்வம் எனக்கு எழுபத்தோரு வயது வரை இருந்தது. அதைக் கலைத்தது எங்கள் பூனை பூந்தி.

பூந்திக்குச் சர்க்கரை நோய். (பெயர் ராசி என்பாள் என் மனைவி சுலோச்சனா. பெயர் வைத்ததும் அவள்தான்.) காலையும் மாலையும் ஊசி. ஒரு வருடமாக வெளிநாட்டு இன்சுலின் போட்டுவந்தோம். நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இட்லியைக்கூட எண்ணாமல் சாப்பிட்டால் எனக்குச் செரிக்காது. பூனையின் மருந்துச் செலவு எங்கள் இருவருடையதையும் தாண்டிய மாதம், அம்பத்தூரில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் போய்ப் புலம்பினேன்.

அந்த அம்மாள் பொறுமைசாலி. "மனுஷங்களுக்குப் போடறதுலயே ஒரு இன்சுலின் இருக்கு சார், விலை ரொம்பக் கம்மி. ஆனா இது சர்க்கரையைச் சட்டுனு இறக்கும். வயிறு நிறைய சாப்பிட்டப்புறம்தான் போடணும். தள்ளாடினா, கண்ணு சொருகினா, ஈறுல தேனைத் தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க. லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து."

மருந்துச் சீட்டின் தலைப்பில் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அதுதான் சிக்கல். கொரட்டூரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் கருணாகரன். அவர் கடை வாசலில் நின்றுதான், நாய்க்குக் கேக் வெட்டிய எதிர்வீட்டுக்காரரை ஒரு மாலை முழுக்கக் கிண்டலடித்திருந்தேன். அதே வாசலில் பூனைக்கு இன்சுலின் கேட்பதா? நாய் தெரியாதபடி சீட்டை மடித்து நீட்டினேன்.

"இன்சுலினா? யாருக்கு சார்?"

"வீட்டுல," என்றேன். எவ்வளவு நேர்மையான பதில்! பூனை வீட்டில்தானே இருக்கிறது?

"ஊட்லயா? சொல்லவே இல்லியே சார்! யாரு ஊசி போடறது?"

"நான்தான். கழுத்துக்குப் பின்னால தோலைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்கி, சுருக்குன்னு ஏத்திடுவேன்."

"கழுத்துலயா?"

"முரண்டு பண்ணினா துண்டுல சுத்தி, கால் ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

கருணாகரன் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "சாப்பாடெல்லாம் ஒழுங்கா கீதா சார்?"

"கருவாட்டு வாசனை காட்டினாதான் மதில்லேர்ந்து இறங்கி வரும்."

அவர் ஊசிகளை எண்ணிக் கொடுத்தார். நான் மறுபடி எண்ணி வாங்கிக்கொண்டேன். அன்று மாலை தலைவலித் தைலம் வாங்கப் போன சுலோச்சனா திரும்பி வந்து, "அந்த மெடிக்கல்காரர் ஏங்க என்னைப் பாத்துக் கண் கலங்கறார்? காசுகூட வாங்க மாட்டேன்னுட்டார்," என்றாள். வெயிலாக இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை பூந்தி தட்டைக் காலி செய்தது. ஊசி போட்டேன். அரை மணி கழித்து, மீதப்பட்ட பணத்தில் மின்விசிறி மாற்றலாமா என்று யோசித்தபடி செருப்பில் காலை நுழைத்தபோது கொழகொழ என்றது. தின்றதையெல்லாம் என் செருப்பிலேயே கக்கிவைத்திருந்தது பூனை. வெறும் வயிற்றில் இன்சுலின்! ஓடிப்போய்ப் பார்த்தால், சமையலறையில் பூந்தி நாலு காலும் நாலு திசைக்குப் போக, ஆடிக்கொண்டு நின்றது. பிறகு அப்படியே சரிந்தது.

சுலோச்சனா அதைத் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு தேன் பாட்டிலைத் திறந்தாள். "நான் தடவறேன், நீங்க ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வாங்க! போங்க!"

வெறுங்காலோடு தெருமுனைக்கு ஓடினேன். மருந்துக்கடைக்குப் பக்கத்தில்தான் ஆட்டோ ஸ்டாண்டு. மூச்சு வாங்கியதில் வாயிலிருந்து முழு வாக்கியம் வரவில்லை.

"வீட்டுல மயக்கம்! கண்ணு சொருகுது! ஆட்டோ!"

கருணாகரன் குளுக்கோஸ் பாக்கெட்டோடு கடையிலிருந்து குதித்தார். ஆட்டோக்காரர் ஏழுமலை, அவர் நண்பர் இருவர், மாத்திரை வாங்க வந்தவர் ஒருவர், எல்லோரும் எனக்கு முன்னால் ஓடினார்கள்.

உள்ளே சுலோச்சனா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் தேன். கண்ணில் நீர். மடியில் துண்டு மூட்டை.

"உட்டுடாதீங்க அண்ணாத்தே, தலையைப் பிடிங்க!" என்றார் ஏழுமலை. கருணாகரன் குளுக்கோஸைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து அவள் வாயில் சாய்த்தார். மாத்திரை வாங்க வந்தவர் முறத்தால் விசிறினார்.

"யோவ்! எனக்கு ஒண்ணும் இல்லய்யா!"

"சுகர் இறங்கினா இப்படித்தான் கத்துவாங்க. ஊத்து, ஊத்து!" என்றார் விசிறியவர்.

"எனக்கு இல்ல, இதுக்கு!" என்று அவள் மூட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"நெனவு தப்பிப் பேசறாங்க பார்," என்று கருணாகரன் குனிய, துண்டுக்குள்ளிருந்து தேன் வழியும் ஒரு தலை வெளியே வந்து அவர் சுட்டுவிரலைக் கடித்தது.

என் வாழ்நாளில் கேட்ட மிக இனிமையான அலறல் அது. கடிக்கத் தெம்பு வந்துவிட்டது! பூந்தி பிழைத்துவிட்டது! நான் கைதட்டிவிட்டேன்.

கருணாகரன் விரலை உதறியபடி என்னைப் பார்த்தார். "சார்... ஊட்லன்னு சொன்னது?"

"இதுதான்."

"கழுத்தைப் பிடிச்சு ஊசி?"

"இதுக்குத்தான்."

புடவையெல்லாம் குளுக்கோஸ் வழிய சுலோச்சனாதான் முதலில் சிரித்தாள். ஏழுமலை மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டே எங்களை அம்பத்தூருக்கு ஓட்டினார். மருத்துவர் சர்க்கரையைச் சோதித்து, பயமில்லை என்று அளவை மாற்றி எழுதினார். தின்றது வயிற்றில் தங்குகிறதா என்று பார்த்தபிறகே ஊசி என்றார். (கடிபட்ட விரலோடு கூட வந்த கருணாகரனை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.) மலிவு மருந்து பூந்திக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. இப்போது மறுபடி மதில் ஏறுகிறது.

கருணாகரன்தான் இன்னும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் என் மகனின் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். கண்டிப்பான மனிதர். அவரோடு கடை வழியாக நடந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார்! உங்க சின்ன ஊட்டுக்கு மருந்து வந்துட்ச்சு!"

கடையில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. சம்பந்தி பத்தடி தூரம் விறுவிறுவென்று நடந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்ன? அவதான் மடியில வெச்சுப் பிடிச்சுப்பா, நான் ஊசி போடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் சுலோச்சனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் மனிதர். பூனையைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.