டொபிமோவின் இடது கை

டொபிமோவுக்கு இடது கை குட்டை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் தேவதர்ஷினி. கண்டுபிடித்ததோடு நில்லாமல், அந்தக் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். உள்ளே இருந்தவர் அவளுடைய அப்பா செங்கல்வராயன்.

"கேம்ல ரெண்டு கையும் ஒரே சைஸுடி. இது டூப்ளிகேட்டு" என்று தோழியிடம் அறிவித்தாள்.

டொபிமோ என்பது, வீடியோ கேமில் பிள்ளைகள் தேடிப் பிடித்து வளர்க்கும் எத்தனையோ பிராணிகளுள் ஒன்று. வான்நீல நிறம்; பானை வயிறு; முயல் காது; நெற்றியில் ஒரு மழைத்துளி. எத்தனை முறை தோற்றாலும் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பது அதன் தனிச் சிறப்பு. புதுவாயல் கூட்டுரோட்டில் ரஃபி நடத்திவந்த கேம் சென்டரின் வாசலில், அந்தப் பிராணியின் உருவத்தில் தைத்த துணிக்கூட்டுக்குள் புகுந்து நின்று, கல்கத்தா நெடுஞ்சாலையில் போகும் லாரிகளுக்குக் கையசைப்பது செங்கல்வராயனின் வேலை. வெளியே இருந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருந்த முகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த வேலையில் இருந்த ஒரே சௌகரியம் அதுதான்.

முன்பு அவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் தர ஆய்வாளர். கோணலான கம்பியின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். போட்டால் போட்டதுதான், முதலாளியே வந்து கேட்டாலும் அழிக்க மாட்டார். அமெரிக்காவில் ஏதோ வங்கி கவிழ்ந்ததாகச் செய்தித்தாளில் வந்த குளிர்காலத்தில் ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று விளக்க யாரும் வரவில்லை.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் எதிர்வீட்டு வரதன். வரதனுக்கு அவருக்கும் முன்பே வேலை போயிற்று. அவன் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செங்கல்வராயனின் மனைவி குப்பாயி ஒருநாள் சொன்னாள்: "ஆம்பள பகல்ல ஊட்ல குந்திக்கினு கெடந்தா, செவுத்துல மாட்டுன கடியாரம்கூட அவன மொறச்சிப் பாக்குது." அவள் சொன்னது வரதனைப் பற்றி. செங்கல்வராயனோ அதைத் தமக்கு வந்த முன்னறிவிப்பாக எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஆகவே, தேர்வாய் கண்டிகையில் புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனி தம்மை அழைத்துக்கொண்டதாக வீட்டில் சொன்னார். தினமும் காலையில் மில் சட்டையைப் போட்டுக்கொண்டு, சோற்று டப்பாவோடு கிளம்பி, புதுவாயல் பேருந்து நிழற்குடையில் போய் உட்கார்ந்தார். எந்தப் பேருந்திலும் ஏறாத பயணி என்று அங்கே அவர் ஓரளவு பிரபலமும் ஆனார். அப்போதுதான் ரஃபி வந்து கூப்பிட்டான்.

"அண்ணே, ஒரு வேல கீது. பொம்ம வேஷம். மூஞ்சி வெளிய தெரியாது."

நிழற்குடையில் அத்தனை பேர் இருக்கத் தம்மை மட்டும் ஏன் கூப்பிடுகிறான் என்று செங்கல்வராயனுக்குப் புரியவில்லை. கேட்டார்.

"உங்க ஒசரம்தாண்ணே கரெக்டு. டிரெஸ் மெட்ராஸ் கம்பெனிலேர்ந்து ரெடியாவே வந்துட்ச்சி" என்றான் ரஃபி, தலையைச் சொறிந்துகொண்டு.

உண்மையில் அந்தக் கூடு அவருக்குக் கச்சிதமாக இருந்தது. முதுகுப் பக்கம் வேர்க்குரு வராதபடி பருத்தி உள்துணி. மூக்குக்கண்ணாடி வைக்க நெஞ்சுக்குள் ஒரு பை. வியர்வை துடைக்கும் துண்டைச் செருகிக்கொள்ள இடுப்பில் ஒரு வார். இடது கை மட்டும் சற்றுக் குட்டை. அதுவும் அவருக்கு வசதிதான். என்றோ சூட்டில் பழுத்த கம்பி முழங்கை முதல் மணிக்கட்டு வரை பட்டதிலிருந்து அவருடைய இடது கை முழுதாக நீளாது. டொபிமோ என்ற பிராணிக்கும் இயற்கையில் அப்படித்தான் போலும் என்று எண்ணி, முகம் தெரியாத சக ஊனத்தின்மேல் அவர் சற்றுப் பரிவும் கொண்டிருந்தார்.

துணிக்கூடு வாரந்தோறும் சலவைக்குப் போகும். திங்கட்கிழமை திரும்பும்போது அவருடைய சட்டைகளில் வரும் அதே சோப்பு வாசனை அதிலும் வரும். மெட்ராஸ் கம்பெனி இவ்வளவு சாதாரண சோப்பைப் பயன்படுத்துவது அவருக்கு வியப்பாக இருந்தது. ஆனால் தையலில் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல முடியாத பொருளைப் பார்த்தால் அவருக்கு வீட்டில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"புதுக் கம்பெனில மிசினுக்கு ஒரு துணி உறை வருது. தையல்னா அது தையல்!" என்று ஒருநாள் சாப்பிடும்போது குப்பாயியிடம் சொன்னார். குப்பாயி ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் தையல்காரி. "நீயும் இத்தினி வருசமா தெக்கிற. ஒருநாள் வந்து பாரு, எப்டி தெக்கணும்னு தெரியும்."

"அப்டியா?" என்று கேட்டுவிட்டு, குப்பாயி குனிந்து அவருக்கு இன்னொரு கரண்டி கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் இருந்த காலம் அது. களைத்திருப்பாள் என்று அவர் மேற்கொண்டு உபதேசிக்கவில்லை.

இந்த நிலையில்தான், பேருந்து மாற இறங்கிய தேவதர்ஷினி டொபிமோவின் கையை இழுத்தாள்.

செங்கல்வராயன் கடைச் சுவரில் இருந்த படத்தைக் கண்ணோட்டைகளின் வழியே பார்த்தார். மகள் சொன்னது சரி. படத்தில் இரண்டு கைகளும் சமம். அவ்வளவு நாளும் ஒரு குறையுள்ள சரக்குக்குள் நின்று, அதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறார்! ஆய்வாளருக்கு வலித்தது. ஆனால் வலிக்க நேரமில்லை; மகள் முகமூடியின் வாய்க்குள் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"டொபி! டொபி! சண்டைல அடிபட்டுட்ச்சி!" என்று, எலியை மிதித்தாற்போன்ற ஒரு குரலில் சொன்னார்.

தேவதர்ஷினி வாயைப் பிளந்தாள். "எந்த ஸ்டேஜ்ல?"

"கடேசி ஸ்டேஜ்ல!"

மறுநாள் மாலை ரஃபியின் கடையில் நிற்க இடமில்லை. டொபிமோவின் கை ஒடியும் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமல் போவதில்லை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் முற்றுகையிட்டிருந்தனர். அப்படியொரு கட்டம் அந்த விளையாட்டில் இல்லை. இல்லாததைக் காட்டச் சொல்லி ஒருவன் விசைப்பலகையை உடைத்தான். பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார்கள் ரஃபியின் பரம்பரையை விசாரித்தனர்.

"ஒரே பேஜாரா போச்சுண்ணே!" ரஃபி வாசலுக்கு ஓடிவந்தான். "மெஹர்னிசாவ பிரசவத்துக்குப் பழவேற்காட்டுல உட்டுட்டு வந்து, நானே தனியா லோல்படுறேன். இல்லாத ஸ்டேஜுக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"கைய நீட்டிட்டா கேக்க மாட்டாங்கல்ல?" என்றார் செங்கல்வராயன்.

"எந்தக் கைய?"

"குறைய அளவுல சரி பண்ணணும் ரஃபி. குரல்ல சரி பண்ணது என் தப்பு."

ரஃபி, "தையல பிரிக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். செங்கல்வராயன் கேட்கவில்லை. மணிக்கட்டுத் தையலைச் சவரப் பிளேடால் பிரித்து, பழைய பஸ் இருக்கையின் பஞ்சை அடைத்து, கை முனையில் இருந்த பிராணிப் பாதத்தை ஊக்குகளால் கோத்து முன்னே நகர்த்தினார். ஓரடி தள்ளி நின்று பார்த்தார். அளவு சரியாக இருந்தது. பெருக்கல் குறி போட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாதத்துக்குள் இப்போது கை இல்லை, பஞ்சுதான் இருந்தது. லாரிக்குக் கையசைத்தால், அசைத்து முடித்த பிறகும் அது தன் போக்கில் இன்னும் சில தரம் அசைந்தது.

"டொபிமோவுக்குக் கை வளந்துட்ச்சிடா!" என்று செய்தி பரவியது. ஒடிந்த கையைப் பார்க்க வந்ததைவிட, வளர்ந்த கையைப் பார்க்க அதிகம் பேர் வந்தனர். ஆந்திராவுக்குப் போகும் லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, டொபிமோவின் முன்னால் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனார். அதன் புகை காது வழியாக உள்ளே புகுந்தது. செங்கல்வராயன் சிரித்த முகத்தோடு இருமினார்.

வெள்ளிக்கிழமை மாலை, கம்பெனி வேனிலிருந்து இறங்கிய குப்பாயியைத் தேவதர்ஷினி கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"யம்மா, இதான் அது! கை குடு, டொபின்னு சொல்லும்!"

செங்கல்வராயனுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. பானை வயிறும் குட்டைக் கால்களும் அதற்காகத் தைக்கப்பட்டவை அல்ல. அவர் அசையாமல் நின்றார். குப்பாயி அவர் முன்னால் வந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு இடது கையின் பாதத்தைப் பிடித்தாள்.

பாதம் அவள் கையோடு வந்துவிட்டது.

துணிக்கூட்டின் கை முனையில், கம்பி சுட்ட தழும்போடு ஒரு மனிதக் கை வெளியே தெரிந்தது. செங்கல்வராயன் அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். தேவதர்ஷினி பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கையைப் பார்க்கவில்லை. குப்பாயி எதைப் பார்த்தாள் என்பது தெரியவில்லை. அவள் பாதத்தைத் திருப்பி, பிதுங்கிய பஞ்சையும் பிரித்த தையலையும் ஊக்குகளையும் ஆராய்ந்தாள். அவள் முகம் சிவந்தது.

"எந்த அறிவு கெட்டவன் இத பிளேடு போட்டுப் பிரிச்சான்? நல்ல தையலு! தெச்சவ வயிறு எரியாது?"

"டொபி" என்றார் செங்கல்வராயன். வேறு என்ன சொல்ல முடியும்?

"இன்னா டொபி? வாடி போலாம். அதுக்கு வேல கீது" என்று மகளை இழுத்துக்கொண்டு குப்பாயி போய்விட்டாள். பாதத்தையும் கையோடு எடுத்துப் போனாள்.

அன்றிரவுச் சாப்பாடு, செங்கல்வராயன் உண்டவற்றுள் மிக நீண்ட சாப்பாடு. குப்பாயி ஒன்றும் கேட்கவில்லை. தழும்பை அவள் பார்த்தாளா, தையலை மட்டும் பார்த்தாளா? கோபம் தையல்காரியின் கோபமா, பெண்டாட்டியின் கோபமா? சோதித்துப் பார்க்க, "இன்னிக்கு கம்பெனில ஒரே வேல" என்றார்.

"உம்" என்றாள் குப்பாயி.

"நைனா, உங்க கம்பெனிய எப்ப காட்டுவ?" என்றாள் தேவதர்ஷினி.

"ஏய், துன்னும்போது பேசாத" என்று குப்பாயி மகளை அதட்டினாள். தலைக்கு மேல் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்வராயன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது தம்மைப் பார்ப்பது தெரிந்தது.

விடிந்தபோது அவர் முடிவு செய்திருந்தார். கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது. மாலையில் குப்பாயியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வரதனுக்கு எதிர்ப்புறமாக வாசலில் உட்கார வேண்டியது. மில் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போல் குப்பாயி சோற்று டப்பாவை நீட்டினாள். அதை வாங்கும்போது அவருக்குக் கண்ணைக் கரித்தது. பெறத் தகுதியில்லாத டப்பா என்று தோன்றியது.

கடையில் ரஃபி இல்லை. புது விசைப்பலகை வாங்க மெட்ராஸுக்குப் போயிருந்தான். முதல் நாள்தான் பழவேற்காட்டிலிருந்து திரும்பியிருந்த அவன் மனைவி மெஹர்னிசா, தோளில் பச்சைக் குழந்தையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அவளோ பார்த்ததுமே, "வாங்கண்ணே, நீங்கதானே செங்கல்வராயண்ணே? நாஷ்டா ஆச்சா?" என்றாள்.

"ஆச்சும்மா." அவர் நீலக் கூட்டை மடித்துக் கல்லாவின்மேல் வைத்தார். ஒரு பாதம் இல்லாமல் அது அவரைப் பார்த்துச் சிரித்தது. "ரஃபி வந்தா சொல்லு. நான் நின்னுக்கிறேன். இத மெட்ராஸ் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடச் சொல்லு."

"எந்த மெட்ராஸ் கம்பெனி?"

"தெச்ச கம்பெனிக்கு." போகிற போக்கிலும் ஆய்வாளரால் சும்மா இருக்க முடியவில்லை. "தையல்ல குத்தம் சொல்ல முடியாதும்மா. ஆனா இடக்கை அளவு தப்பு. படத்துல ரெண்டும் சமமா கீது. தெச்சவன் போட்டுக்கப்போற ஆள ஒருவாட்டியாவது நெனச்சுப் பாத்திருந்தா இப்டி தெப்பானா?"

மெஹர்னிசா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னாண்ணே சொல்றீங்க? நான் ஊருக்குப் போறதுக்கு முந்தி, உங்க மில்லு சட்டைய மடில வெச்சுக்கினு, எங்க மாடில குந்தி, அந்த இடக்கைய மட்டும் மூணு வாட்டி பிரிச்சுப் பிரிச்சு தெச்சுது குப்பாயி அக்காதானே!"